பழைய இந்திய அஞ்சல் தலை எந்த முறையில் அச்சானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அச்சு முறை என்பது மை காகிதத்துக்கு வந்து சேரும் வழி. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு கைப்பிடி பழைய தலைகள் வாங்குகிறவருக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

1854-இல் கல்கத்தாவில் அச்சான நீல அரையணா, கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் அடிப்படை: தட்டையான கல்லில் ஈரமான இடம் எண்ணெய் மையை ஏற்காது, படம் வரைந்த இடம் மட்டும் ஏற்கும். அச்சுப்பரப்பு சமதளம் என்பதால் கோட்டின் ஓரமும் நடுவும் ஒரே அடர்த்தியில் இருக்கும்.

1855 முதல் லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்டுத் தந்த விக்டோரியா தலைகள் மேட்டு அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டு, குழந்தைகள் தாளில் குத்துவார்களே, அதே வேலை. அழுத்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்கும். ஆகவே கோட்டின் விளிம்பு கருத்தும் நடு சற்று வெளுத்தும் தெரியும். நான் ராணியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ‘அணா’ என்ற ஆங்கில எழுத்துகளின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே இது பளிச்சென்று தெரியும்.

கபீர், மீரா, தாகூர் இடம்பெற்ற 1952 வரிசை நாசிக்கில் போட்டோகிராவூர் முறையில், அதாவது குழி அச்சில் வந்தது. கொத்திய அம்மியை வழித்த பிறகும் குழிகளில் மசாலா தங்குமல்லவா? அப்படி நுண்குழிகளில் தங்கிய மைதான் படமாகிறது. லென்ஸில் பார்த்தால் புள்ளி வலை தெரியும். எழுத்தின் ஓரம்கூட ரம்பப் பல் போலிருக்கும்.

நிறம் வேறாக இருந்தால் அச்சு முறையும் வேறு என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலும் ஈரமுமே நிறத்தை மாற்றிவிடும், கோட்டின் ஓரத்தை மட்டும் நம்புங்கள்.