அடைப்புக்குறிக்குள் ஒரு பாட்டி

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் 1951 முதல் 1989 வரை வேலை பார்த்தவர். 1955இல் கல்யாணம். 93 வயதில், போன ஆடியில் காலமானார். முதல் வருஷத் திவசத்துக்கு 64 பக்கத்தில் வண்ண நினைவு மலர் போடுகிறார்கள், எழுதுகிற பொறுப்பு பேரனுக்கு. சிக்கல் என்னவென்றால், 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் தாத்தாவை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆறே மாதத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் அப்பா, மூன்று வருஷம் வீட்டில் இருந்தார் என்கிறார் பெரியப்பா, அந்த அசிங்கமெல்லாம் மலரில் எதற்கு என்கிறார் சித்தப்பா. இப்போது மூன்று பேருக்கும் பேச்சு இல்லை. "இவ்வளவு பெரிய வாழ்க்கையை எப்படி எழுதுவது, யாரிடம் கேட்டு உறுதி செய்வது, அட்டையில் தாத்தா படம் மட்டும் போதுமா?" என்று கேட்கிறார். நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: "(பாட்டி இருக்கிறார், 87 இருக்கும், காது சுத்தமாகக் கேட்காது, அவரைத் தொந்தரவு செய்யவில்லை.)"

தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அண்ணன் தம்பி சண்டை எனக்குப் புதிதில்லை, ஒரு சாவுக்குப் பிறகு சண்டை வராத வீட்டைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னை உலுக்கியது அந்த அடைப்புக்குறிதான். யாரிடம் கேட்பது என்று எனக்குத் தபால் எழுதுகிறீர்கள், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். 69 வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவர். தாத்தா வேலையில் சேர்ந்த வருஷம், ஓய்வுபெற்ற வருஷம், கல்யாண வருஷம் எல்லாம் சுத்தமாக எழுதத் தெரிகிறது, பாட்டிக்கு மட்டும் "87 இருக்கும்". இருக்குமா? மலரில் அந்த இடத்தில் என்ன போடப்போகிறீர்கள், புள்ளி புள்ளியா?

"தொந்தரவு செய்யவில்லை" என்பதை மரியாதை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உரக்கப் பேச அலுப்பு, இரண்டு தடவை சொல்ல அலுப்பு, அதற்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது. செத்தவருக்கு வண்ணத்தில் 64 பக்கம், இருப்பவருக்கு அடைப்புக்குறியா? கோபப்பட்டால் படுங்கள். பெற்றவர்களுக்குச் செய்கிற கடமை திவசத்தில் தொடங்குவதில்லை என்பது என் கட்சி, அதை நான் மாற்றிக்கொள்ளப்போவதும் இல்லை.

முதலில் காது. பாட்டியைக் கடைசியாக எப்போது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப்போனீர்கள்? வயதானவர்களுக்குக் காதில் அழுக்கு கெட்டியாகி அடைத்துக்கொள்வது சாதாரணம், அதை எடுத்தாலே சிலருக்குப் பாதி சரியாகிவிடும். அதற்கு மேல் இருந்தால் எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதனை செய்து காதுக் கருவி தருவார்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பரிசோதனை உண்டு. கருவி பழக வாரக்கணக்கில் ஆகும், முதல் நாளே "வேண்டாம், இரைச்சல்" என்று கழற்றி வைத்தால் நீங்களும் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இன்னொன்று, வயதில் வருகிற செவிட்டுத்தனத்தில் சத்தம் கேட்கும், வார்த்தைதான் பிரியாது. அதனால் கத்தினால் பிரயோஜனமில்லை. டிவியை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கீச்சுக்குரலாக இல்லாமல் கொஞ்சம் கனத்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். எழுத்து தெரிந்தவர் என்றால் பெரிதாக எழுதிக் காட்டுங்கள்.

அப்புறம் கேள்வி. "தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்க பாட்டி" என்று மொபைலை மூக்குக்கு நேரே நீட்டினால் "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள். அது 1974 மே 8இல் தொடங்கி 27ஆம் தேதி வரை, 20 நாள் நடந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள், வேலையை விட்டு நீக்கினார்கள், 1977இல் மத்தியில் ஜனதா கட்சி ஆட்சி வந்த பிறகுதான் பலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆக உங்கள் பெரியப்பா சொல்வதும் நடந்திருக்கலாம், அப்பா சொல்வதும் நடந்திருக்கலாம். பென்ஷன் உத்தரவில் பணிக்காலம் எத்தனை வருஷம் என்று இருக்கும், பாருங்கள். ஆனால் விட்டுப்போன காலத்தைப் பிற்பாடு சேர்த்துக் கொடுத்திருந்தால் காகிதத்தில் ஓட்டை தெரியாது. பாட்டிக்குத் தெரியும். போலீஸ் வந்த ராத்திரி வீட்டில் என்ன சமையல், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்களா, எந்த நகை முதலில் அடகுக்கடைக்குப் போனது, அது திரும்பி வந்ததா, மளிகைக்கடையில் யார் கடன் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, பணிமனைச் சங்கு ஊதும்போது வேலை இல்லாத மனிதர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படிக் கேளுங்கள். ஆறு மாதமா மூன்று வருஷமா என்பது அடகுச்சீட்டுக் கணக்கிலேயே வந்துவிடும். தேதி தப்பாகச் சொன்னால் குறுக்கே பாய்ந்து திருத்தாதீர்கள், எழுதி வைத்துக்கொண்டு பிறகு சரிபாருங்கள். தாத்தாவைத் திட்டினால் அதையும் எழுதுங்கள், 69 வருஷத்தில் திட்ட ஒன்றுமே இல்லையென்றால்தான் நான் சந்தேகப்படுவேன். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும்.

அசிங்கம் என்கிற சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்த மாதங்களில் அவர் சாப்பிட்ட சோறு எப்படி வந்தது? தெரியாது என்றால் அவரையும் பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அந்த "87 இருக்கும்" விஷயத்துக்கு வருகிறேன், இதில் பணமும் இருக்கிறது. மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயது முடிந்தால் 20 சதவீதம், 85 முடிந்தால் 30, 90 முடிந்தால் 40 என்று கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பென்ஷன் உத்தரவில் மனைவியின் பிறந்த தேதி ஏறியிருக்க வேண்டும். பழைய உத்தரவுகள் பலவற்றில் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். ஆதாரில் என்ன தேதி, பென்ஷன் உத்தரவில் என்ன தேதி, வங்கியில் எந்த அடுக்கில் கொடுக்கிறார்கள் என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். மலர் அச்சுக்கூலிக்கு ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்ட மூன்று பிள்ளைகளில் ஒருவராவது இதைப் பார்த்தாரா?

மலர் திவசத்துக்கே வர வேண்டும் என்று யார் சொன்னது? தள்ளிப் போடுங்கள், தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார். அட்டைப் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைப் பாட்டியிடம் கேளுங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து.