எஞ்சினைத் திறக்காமல் எவ்வளவு வலுவைக் கூட்டலாம்?

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2018ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் 1.0 லீற்றர் டர்போ கார் ஒன்றைப் பாவித்து வருகிறேன். கியர்பொக்ஸ் சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத தானியங்கி) வகை. எஞ்சினில் கைவைக்காமல், ஈ.சி.யு.வை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ரீமெப் செய்வதன், அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதுவதன் மூலம் மட்டும் 170 குதிரைவலு வரை கொண்டுபோகலாம் என்று ஒரு டியூனர் உறுதியாகச் சொல்கிறார். இந்த எஞ்சினுக்குப் பாதுகாப்பான எல்லை எது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கார் 140 குதிரைவலுவைத் தாண்ட வேண்டாம் என்பதே எனது பதில். 170 என்ற எண்ணை நான் ஏன் ஏற்கவில்லை என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் அந்த டியூனரிடம் நீங்கள் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

எஞ்சினின் கொள்ளளவுக்கேற்ப வரி விதிக்கப்படும் எமது நாட்டில், ஆயிரம் சி.சி.க்குள் அடங்கிய காரணத்தினாலேயே இந்த 988 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஹொண்டா நிறுவனம் இதற்குக் கொடுத்த வலு 129 குதிரைவலு. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னோர் எண்ணை. மனுவல் கியர்பொக்ஸுடன் வந்த கார்களில் இந்த எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது டோர்க், 200 நியூட்டன் மீற்றராக இருக்க, சி.வி.டி.யுடன் வந்த கார்களில் அது 180 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் ஒன்றுதான், குதிரைவலுவும் ஒன்றுதான், கியர்பொக்ஸ் மட்டுமே வேறு. அதைத் தயாரித்தவர்களே 20 நியூட்டன் மீற்றரைக் குறைத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் காரில் முதலில் களைத்துப்போகும் பாகம் பிஸ்டன் அல்ல, சி.வி.டி.தான் என்று எடுத்துக்கொள்வதே புத்தி. சி.வி.டி.யின் உள்ளே இருக்கும் இரும்புப் பெல்ட்டை இரண்டு கப்பிகள் ஒயில் அழுத்தத்தினால் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தப் பிடி தாங்கக்கூடிய அளவை முறுக்குவிசை மீறினால் பெல்ட் கணநேரம் வழுக்கும்; வழுக்கிய இடத்தில் கப்பியின் முகம் கீறப்படும்; கீறலிலிருந்து எழும் உலோகத்தூள் ஒயிலுடன் கலந்து மற்றப் பாகங்களையும் தேய்க்கும். ஓட்டுபவருக்கு முதல் சில மாதங்களுக்கு எதுவுமே தெரியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். முறுக்குவிசையை நிமிடத்துக்கான சுழற்சியால் பெருக்கி 7024ஆல் வகுத்தால் குதிரைவலு கிடைக்கும். உங்கள் எஞ்சின் தனது 129 குதிரைவலுவைத் தரும் 5500 சுழற்சியில் அதன் முறுக்குவிசை சுமார் 165 நியூட்டன் மீற்றர். அதே சுழற்சியில் 170 குதிரைவலு வேண்டுமென்றால் 217 நியூட்டன் மீற்றர் தேவைப்படும். மனுவல் கியர்பொக்ஸுக்குக்கூட கொம்பனி கொடுக்காத அளவு இது. இதற்கு மாறாக, 180 என்ற எல்லையைத் தாண்டாமல், மேல் சுழற்சிகளில் விழுந்துபோகும் முறுக்குவிசையை மட்டும் தாங்கிப் பிடித்து, 5500 வரை 180ஐயே வைத்திருக்க முடிந்தால் கிடைப்பது 141 குதிரைவலு. நான் சொன்ன 140 இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எஞ்சினை உடைப்பது பெரும்பாலும் உச்சக் குதிரைவலு அல்ல. அந்த வலு எந்தச் சுழற்சியில், எவ்வளவு முறுக்குவிசையாக வருகிறது என்பதுதான். காரைக் கையில் கொடுத்தவுடனேயே வாடிக்கையாளர் வித்தியாசத்தை உணர வேண்டும் என்பதற்காகச் சில டியூனர்கள் 1800 – 2500 சுழற்சிகளுக்கு இடையில் பூஸ்டை, அதாவது டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கூடுதல் அழுத்தத்தை, வாரி இறைக்கிறார்கள். மிதித்தவுடன் முதுகு இருக்கையில் ஒட்டும், உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த சுழற்சியில்தான் பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் மீது வாயு அழுத்தம் முழுப் பாரமாக இறங்குகிறது. நேரடி ஊசிமுறை கொண்ட சிறிய டர்போ எஞ்சின்களில், தீப்பொறி விழுவதற்கு முன்னரே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறும் இதே இடத்தில்தான் நிகழ்கிறது. அப்படி ஒரேயொரு தடவை நிகழ்ந்தாலே பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய வரம்பு முறிந்துவிடலாம். இந்தக் கோளாறைக் கருத்தில் கொண்டே 2020இல் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற ஒயில் தரம் வந்தது. ஆகவே ரீமெப் செய்தாலும் செய்யாவிட்டாலும் போத்தலில் அந்த எழுத்துகளைப் பார்த்தே வாங்குங்கள். உங்கள் எஞ்சினின் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது என்பதால், ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது மற்றக் கார்களை விட உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

கொழும்பின் வெக்கையையும் மறக்கக் கூடாது. 32 பாகை வெப்பத்தில் உள்ளே இழுக்கப்படும் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது, ஓரளவு நல்ல டர்போவிலிருந்துகூட அது 125 பாகையை அண்மித்தே வெளியேறும். இன்டர்கூலர் அதை 60 பாகை அளவுக்குத் தணிக்கலாம், ஆனால் அதற்குக் காரின் முகப்பில் காற்று பாய வேண்டும். காலி வீதி நெரிசலில் நின்று நின்று ஊர்ந்து, பம்பலப்பிட்டி தாண்டி ஒரு வெளி கிடைத்ததும் முழுதாக மிதித்தால், எஞ்சின் குடிப்பது தணியாத காற்றைத்தான். குளிர் நாடொன்றில் எழுதப்பட்டு இணையத்தில் விற்கப்படும் மெப் (ஈ.சி.யு.வுக்கான கட்டளைத் தொகுப்பு) ஒன்றை அப்படியே ஏற்றுவதை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு இதுவே காரணம்.

டியூனரிடம் கேளுங்கள்: உச்ச முறுக்குவிசை எவ்வளவு, எந்தச் சுழற்சியில்? நடுப்பகல் வெயிலில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் எடுத்த பதிவுகளைக் காட்ட முடியுமா? அதில் நொக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிதல்) காரணமாக ஈ.சி.யு. தீப்பொறியை எத்தனை பாகை பின்தள்ளியிருக்கிறது? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் குதிரைவலு எண்ணை மட்டும் திரும்பச் சொல்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எனது காரில் பூஸ்ட் 1 பார் அளவுக்குக் கூட்டப்பட்டுள்ளது. கொழும்பில் பிரச்சினை இல்லை. மாதம் ஒரு தடவை நுவரெலியா போய்வருகிறேன். மலையில் காற்று மெலிதாக இருப்பதால் எஞ்சினுக்குச் சுமை குறைவு என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– வாசகர், தெஹிவளை

பதில்: டர்போ இல்லாத எஞ்சினுக்கு உங்கள் நண்பர் சொல்வது சரி. டர்போவுக்கு நிலைமை நேர்மாறானது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். அங்கே 1 பார் பூஸ்ட் என்றால் டர்போ காற்றை இரண்டு மடங்காக அமுக்குகிறது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெளியழுத்தம் 0.8 பார் அளவுதான். ஈ.சி.யு. கொழும்பில் இருந்த அதே மொத்த அழுத்தத்தை, அதாவது 2 பாரை, அங்கேயும் கேட்டால் டர்போ இரண்டரை மடங்காக அமுக்க வேண்டும். அதற்காக அது கூடுதல் வேகத்தில் சுழலும், காற்றைக் கூடுதலாகச் சூடாக்கும், பெயாரிங்கின் மீதும் சுமை ஏறும். கொம்பனியின் மெப் உயரத்தை அறிந்து பூஸ்டைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். டர்போவின் வேகத்துக்கு அவர்கள் வைத்த வேலி அது. அவசரமாகச் செய்யப்பட்ட ரீமெப்களில் இந்த வேலியையே அகற்றிவிடுவதைக் காண்கிறோம். கினிகத்தேனையிலிருந்து மேலே ஏறும் பாதையில் நீண்ட நேரம் மிதித்தே போக வேண்டியிருப்பதால், உங்கள் மெப்பில் உயரத்துக்கான திருத்தம் அப்படியே இருக்கிறதா என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த பயணத்துக்கு முன் அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: 2.0 லீற்றர் லான்சர் எவோலூஷன் வைத்திருக்கிறேன். பழைய ஜப்பான் எஞ்சின்கள் 400 குதிரைவலுவைச் சாதாரணமாகத் தாங்கும் என்கிறார்களே?
– வாசகர், வத்தளை

பதில்: அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, அதற்கு வரலாறும் இருக்கிறது. 1989 முதல் 2004 வரை, தமது கார்களின் வலுவை 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் ஓர் இணக்கம் வைத்திருந்தன. எவோலூஷன் 4 தொடக்கம் 9 வரை ஜப்பானில் எல்லாமே 280 என்று அறிவிக்கப்பட, முறுக்குவிசை மட்டும் மெல்ல மெல்ல 400 நியூட்டன் மீற்றர் வரை ஏறியது. வார்ப்பிரும்புப் பிளொக் கொண்ட 4ஜி63 எஞ்சின் அறிவிக்கப்பட்ட எண்ணை விடப் பெரிய சுமைக்காகவே கட்டப்பட்டது. இன்றைய சிறிய டர்போ எஞ்சின்களில் அப்படி ஒதுக்கிவைத்த வலிமை குறைவு. ஆகவே உங்கள் காரின் கதையை வெள்ளவத்தை வாசகரின் காருக்குப் பொருத்த முடியாது.

ஆனாலும் எமது 95 ஒக்டேன் பெற்றோலில், தினமும் ஓடும் ஒரு எவோவுக்கு நான் 350ஐத் தாண்டச் சொல்ல மாட்டேன். இரும்பு தாங்கும். பெற்றோல் தாங்காது, 400க்குத் தேவையான பூஸ்டில் அது நொக்கிங் தொடங்கிவிடும். அதோடு உங்கள் எஞ்சின் புதியதுமல்ல. முதலில் நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கச் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்வியுங்கள். பலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் டைமிங் பெல்ட்டையும் ஒருமிக்க மாற்றுங்கள். சிறிய பெல்ட் அறுந்து பெரியதற்குள் சிக்கி வால்வுகள் வளைவது இந்த எஞ்சினில் நன்கு தெரிந்த விபத்து. பிறகு பெற்றோல் பம்பும், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும். இன்ஜெக்டர்கள் தமது திறனில் 85 வீதத்துக்கு மேல் உழைக்கும் நிலையில் பூஸ்டைக் கூட்டுவது, உச்சச் சுமையில் கலவை மெலிவதற்கு வழிவிடுவதாகும்.

சுழற்சி எல்லையை மட்டும் தொட வேண்டாம். ரொட்டை இழுக்கும் விசை சுழற்சியின் வர்க்கத்துடன் கூடுகிறது. 7000இல் இருந்து 7700க்கு ஏற்றினால், பார்வைக்கு 10 வீதம், ரொட் போல்ட்டுக்கு 21 வீதம்.

பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இன்னோர் எஞ்சின் எடுக்கலாம்தானே என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே கிடைப்பதும் இதே வயதுடைய, வரலாறு தெரியாத எஞ்சின்தான்.

கேள்வி: ஒக்டேன் பூஸ்டர் போத்தல் ஊற்றினால் 95ஐ 100 ஆக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஆகாது. போத்தலில் 'ஐந்து புள்ளி' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அரை ஒக்டேனையே குறிக்கும். பத்துப் புள்ளிக்கு ஓர் ஒக்டேன் என்பது அவர்களின் கணக்கு. உலோகச் சேர்மம் கலந்தவை ஸ்பார்க் பிளக்கில் செந்நிறப் படிவையும் விட்டுச் செல்லும். ரீமெப் செய்த காருக்கு எப்போதும் 95 அடியுங்கள். 95இலேயே பரிசோதித்து எழுதிய மெப்பை மட்டும் பாவியுங்கள்.

கேள்வி: ரீமெப் செய்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: சொல்லத்தான் வேண்டும், எழுத்தில். மறைத்த மாற்றம் ஒன்று விபத்துக்குப் பின் தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றிவிட்டுச் செய்யும் மாற்றங்களை நான் பரிந்துரைப்பதில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகத்தானே வேண்டும்.

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன்னர் ரீமெப் செய்துவிட்டேன். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. உள்ளே பாதிப்பு ஏதும் நிகழ்ந்திருக்கிறதா என்று எஞ்சினைத் திறக்காமல் அறிய முடியுமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: ஓரளவுக்கு முடியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து, வெயில் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக, சீராக இருந்தால் நல்லது. அதில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, மினுங்கும் சாம்பல் நிற மணிகளோ இருந்தால் நொக்கிங் நடந்திருக்கிறது. அந்த மினுங்கும் மணிகள் பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் காணப்பட்டாலும் பொருட்படுத்தாமல் விட வேண்டாம்.

ஒயில் டிப் ஸ்டிக்கையும் மோந்து பாருங்கள். பெற்றோல் வாடை அடித்து, மட்டமும் ஏறியிருந்தால், எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கிறது. ஒயில் குறைந்துகொண்டே போய், எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை துடிப்புத் துடிப்பாக வருமானால், வளைய வரம்பு ஒன்று முறிந்திருக்கக்கூடும். இவற்றில் எதைக் கண்டாலும் கொம்பனி மெப்பை அன்றைக்கே திரும்ப ஏற்றி, கசிவுச் சோதனை முடியும் வரை தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் காரை எடுக்காதீர்கள். சோதனையில் ஒரு சிலிண்டர் மற்றவற்றை விடத் தெளிவாகப் பின்தங்கினால், அந்த நிலையில் திறப்பதற்கு ஆகும் செலவு, முறிந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கீறிய பின் திறப்பதற்கு ஆகும் செலவில் சிறு பங்குதான்.