ஓய்வு நாளும் பயிற்சியின் பகுதியே

கேள்வி: மூன்று மாதங்களாக ஒரு நாள் விடாமல் ஜிம்முக்குச் செல்கிறேன். முன்பு தூக்கிய எடையைக்கூட இப்போது தூக்க இயலவில்லை, உறக்கமும் கெட்டுவிட்டது. பயிற்சியைக் கூட்டலாமா?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: கூட்ட வேண்டாம், உடனே குறையுங்கள். எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன, அவற்றைச் செப்பனிட்டு உடல் வலுவேற்றுவது பெரும்பாலும் அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். அதற்குள் அதே தசையை மீண்டும் வருத்துவது, பூச்சு காயாத சுவரில் வெள்ளையடிப்பதைப் போன்றது. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாகச் சுரப்பதால், இரவில் 7 மணி நேரமாவது உறங்குங்கள். புரோட்டீன் பவுடரைவிட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

காலையில் கண் விழித்ததும், படுக்கையிலிருந்து எழுவதற்கு முன், மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வாருங்கள். வழக்கமாக 62 ஆக இருப்பது சில நாட்கள் தொடர்ந்து 70ஐத் தாண்டினால், உடல் இன்னும் மீளவில்லை என்று கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாட்கள் எடையைத் தொடாமல் மெதுவாக நடந்தால் போதும். கடும் தசைவலியுடன் சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.