திங்கட்கிழமை லீவும் ஒரு சைக்கிளும்

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிரான்சுக்கு வந்து ஒரு வருடமாகவில்லை. பரிசை ஒட்டிய லாக்கூர்நெவில் அறை, ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை, திங்கட்கிழமை மட்டும் லீவு. ஊரில் எங்கே போனாலும் சைக்கிள்தான். இங்கே பரிஸ் வாகனங்களைப் பார்த்தால் ஏறவே பயமாக இருக்கிறது. சந்தடியில்லாத நாட்டுப்புற வீதிகள் எங்கே இருக்கின்றன, தனியாகப் போகலாமா, லைசன்ஸ் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைசன்ஸ் வேண்டாம். தனியாகத் தாராளமாகப் போகலாம். வீதி எங்கே என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

யாரைக் கேட்டாலும் பெயர் பெற்ற பாதைகளைத்தான் சொல்வார்கள். லுவார் ஆற்றோரமாக ஏறத்தாழ 900 கிலோமீற்றர், துலூசிலிருந்து செத் வரை 240 கிலோமீற்றர் ஓடும் மிடி கால்வாய், பழைய ரெயில் பாதையைத் தார் போட்டு மாற்றிய பூர்கோனின் ஜிவ்ரி–குளுனி பாதை. எல்லாம் அருமையானவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றுக்கு ஒரு கிழமை லீவும், தங்குகிற காசும் வேண்டும். யூலை, ஓகஸ்ட்டில் லுவார்ப் பக்கம் போனால் சந்தடி இல்லை என்று சொல்லவும் முடியாது. ஒரே ஒரு நாள் லீவு உள்ளவர் பெயர் உள்ள பாதையைத் தேடுவதை விட்டுவிட்டு, சின்ன வீதியை அடையாளம் காணப் பழகுவதுதான் நல்லது. பழகிவிட்டால் இந்த நாட்டில் எந்த ரெயில் நிலையத்தில் இறங்கினாலும் உங்களுக்கு ஒரு வழி இருக்கும்.

வீதி எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் அதிவேகச் சாலை, சைக்கிளுக்குத் தடை. 'என்' (N) தேசிய வீதி. தடை இல்லாத இடத்திலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். 'டி' மாவட்ட வீதி, 'சி' ஊராட்சி வீதி. 'டி' என்றால் சின்ன வீதி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. 2006ஐ ஒட்டி அரசாங்கம் பெருமளவு தேசிய வீதிகளை மாவட்டங்களின் கையில் கொடுத்தது. பெயர்ப்பலகை மாறியதே தவிர லொறி குறையவில்லை. ஃபொந்தேன்புளோ பக்கம் 'டி 607' என்று பார்ப்பீர்கள். அது பழைய 'என் 7' தான். ஆகவே எண்ணை நம்புவதைவிட மிஷலின் நிறுவனத்து வீதி வரைபடத்தின் நிறத்தை நம்புங்கள். சிவப்பு வேண்டாம், மஞ்சள் அவசரத்துக்கு, வெள்ளைதான் நம்முடையது. இன்னொரு உபாயமும் உண்டு: அதிவேகச் சாலையும் பழைய பெரிய வீதியும் ஒரே திசையில் ஓடுகிற இடத்தில், அவற்றுக்குச் சமாந்தரமாக மூன்றாவதாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது வெறுமையாகக் கிடக்கும். அவசரக்காரர்கள் எல்லாரும் மற்ற இரண்டிலும் போய்விடுவார்கள்.

முதல் ஓட்டத்துக்கு நீங்கள் பரிசைக் கடக்கவே தேவையில்லை. லாச்சப்பலில் நம் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்கப் போவீர்கள்தானே, அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் லா வில்லெத் நீர்த்தேக்கம். அதிலிருந்து கிழக்கே போகிறது ஊர்க் (Ourcq) கால்வாய். பரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கியது. கரையோடு சைக்கிள் பாதை; பொபினி, பொண்டி, ஓல்னே, செவ்ரான் என்று நம் சனம் இருக்கிற ஊர்களுக்குள்ளாலேயே போகும். லாக்கூர்நெவில் இருந்து பொபினிக்கு வந்தும் ஏறிக்கொள்ளலாம். செவ்ரான் தாண்டினால் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த காடு, அப்புறம் மரநிழல்தான். கிளே சூயி வரை லா வில்லெத்தில் இருந்து முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஒரு மேடு கிடையாது.

கிளே சூயியில் கால்வாயை விட்டுவிட்டு ஷார்னி, வில்றுவா என்ற கிராமங்களுக்கூடாக மோ நகரத்துக்குப் போங்கள். இங்கேதான் நீங்கள் கேட்ட நாட்டுப்புறம் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் கோதுமையும் சீனிக்கிழங்கும். ஏப்ரல் மாதமென்றால் கடுகுப்பூ போல மஞ்சளாகக் கொல்சா என்ற எண்ணெய்ப் பயிர் பூத்திருக்கும். 1914 செப்ரெம்பரில் முதலாம் உலகப் போரின் மார்ன் சண்டை தொடங்கிய வயல்கள் இவை. வில்றுவாவில் வீதியோரமாக அந்தச் சண்டையில் செத்த படையினரின் பொதுக் கல்லறை இருக்கிறது. கவிஞர் ஷார்ல் பெகி விழுந்ததும் அந்த இடத்தில்தான். சைக்கிளைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

இந்தத் திசையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பரிசைச் சுற்றிப் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். வயல்வெளியில் மறைப்பு எதுவும் இல்லை. எதிர்க்காற்றில் மேடு இல்லாத வீதியும் மேடுதான். கிழக்கே ஓடிப்போய் ரெயினில் திரும்பினால் காற்று முதுகில் இருக்கும்.

கால் பழகிய பிறகு மோவில் இருந்து ஊர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லிசி, குரூயி, லா ஃபெர்த்தே மிலோன் வரை போய்ப் பாருங்கள். கடைசி ஊரில் பாதியில் நின்றுபோன பெரிய கோட்டை ஒன்று நிற்கிறது; நாடகாசிரியர் ரசீன் பிறந்த ஊரும் அதுதான். அந்தப் பக்கம் ரெயின் குறைவு, நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தெற்கே ஷெவ்ரெஸ் பள்ளத்தாக்கையும் பலர் சொல்வார்கள். அழகான இடம், ஆனால் ஞாயிறு காலையில் பரிஸ் சைக்கிள் கிளப்காரர் எல்லாரும் அங்கேதான். உங்களுக்குத் திங்கள் லீவு என்பதால் பரவாயில்லை.

திங்கள் லீவால் வரும் சங்கடம் சாப்பாடு. கிராமத்துப் பாண்கடை திங்கட்கிழமை பூட்டியிருப்பது சர்வசாதாரணம். திறந்திருக்கிற கடையும் பன்னிரண்டரைக்குப் பூட்டினால் பின்னேரம்தான் திறக்கும். சில ஊர்களில் சதுக்கத்தில் பாண் விற்கிற மெஷின் இருக்கும், காசு போட்டால் பகெத் வரும்; அதை நம்பிப் போக வேண்டாம். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். அதுதான் என் வழக்கம்.

தண்ணீருக்குக் கவலையில்லை. கிராமத்தின் சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தை, தேடுங்கள். தேவாலயத்தின் பின்னால் இருக்கும், அல்லது ஊர் முடிகிற இடத்தில் மதில் கட்டி இருக்கும். கம்பிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குழாய், பக்கத்தில் பூக்களுக்கு ஊற்றுகிற பிளாஸ்ரிக் வாளிகள் கொளுவியிருக்கும். முதலில் கொஞ்சத் தண்ணீரை ஓடவிட்டுப் போத்தலைப் பிடியுங்கள். 'ஓ நோன் பொத்தாபிள்' என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும் என்று பூட்டிவிடுவார்கள். உள்ளே யாராவது வயதான அம்மா நின்றால் தொப்பியைக் கழற்றி 'போன்ஜூர் மதாம்' சொல்லிவிட்டுப் பிடியுங்கள். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாட்டுப்புறத்தில் போன்ஜூர் சொல்லாமல் போகிறவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஆபத்து என்று பார்த்தால், நம் நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு முதல் ஆபத்து இடப்பக்கம் ஓடிப் பழகியதுதான். பரிசில் மற்ற வாகனங்களைப் பார்த்து வலப்பக்கம் ஓடிவிடுவோம். வெறும் வீதியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு ஏறும்போது, சந்தியில் திரும்பும்போது, கை தானாக இடப்பக்கம் போகும். அங்கே பார்த்து ஓட ஒரு வாகனமும் இருக்காது. ஏறும் ஒவ்வொரு தடவையும் 'வலம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

அடுத்தது வலப்பக்கத்து ஒழுங்கை. கிராமத்துக்குள் மஞ்சள் சாய்சதுரப் பலகையோ நிறுத்தக் கோடோ இல்லாத சந்தியில், வலது கையில் இருந்து வருபவருக்குத்தான் முதலிடம். நீங்கள் பெரிய வீதியில் நேராகப் போய்க்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஊர்க்கிழவர் பழைய ரெனோவில் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வருவார். சட்டமும் அவர் பக்கம்.

கார்க்காரர்கள் ஊருக்கு வெளியே உங்களை முந்தும்போது ஒன்றரை மீற்றர் இடம் விட வேண்டும். பெரும்பாலானோர் விடுகிறார்கள், லாக்கூர்நெவை விட நிச்சயம் நன்றாக. கோடையில் 'கிறாவியோன்' என்ற பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். தாரை ஊற்றி மேலே சின்னச் சல்லியைக் கொட்டிவிட்டு, கார் ஓடி அமுங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். முடக்கில் சைக்கிள் வழுக்கும். ஒக்ரோபரில் சீனிக்கிழங்கு கிண்டும் காலத்தில் ட்ராக்டர் இழுத்துவந்த சேறு மழையோடு சேர்ந்தால் அதைவிட மோசம். இலையுதிர் காலத்தில் இருந்து பெப்ரவரி கடைசி வரை வேட்டைக் காலம். காட்டு ஓரத்தில் செம்மஞ்சள் அங்கி போட்டவர்களையோ எச்சரிக்கைப் பலகையையோ கண்டால் சுற்றிப் போங்கள், நீங்களும் பளிச்சென்று உடுத்துங்கள்.

இருட்டினால் ஊருக்கு வெளியே ஒளிர் அங்கி கட்டாயம். முன் விளக்கு, பின் விளக்கு, மணி இருக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடினால் 135 யூரோ தண்டம். தலைக்கவசம் 12 வயதுக்குக் கீழேதான் கட்டாயம், நீங்களும் போடுங்கள். வதிவிடக் கடதாசியை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சைக்கிளுக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். பழையது வாங்குவதென்றால் ரசீது கேளுங்கள். தெருவோரத்தில் முப்பது யூரோவுக்குத் தருகிறவனிடம் வாங்கினால் அது யாரோ பறிகொடுத்த சைக்கிள். ரயர் மெல்லியதாக இருக்கக் கூடாது, 32 மில்லிமீற்றர் இந்தச் சல்லித் தாருக்குச் சுகம். ஒரு ரியூப், ஒரு பம்ப், ரயர் கழற்றுகிற பிளாஸ்ரிக் நெம்பு இரண்டு கையோடு இருக்கட்டும்.

திரும்பி வரும் ரெயினில் ஒரு விஷயம் இருக்கிறது. மோவில் இருந்து பரிசின் கார் து லெஸ்ற் நிலையத்துக்கு வரும் வண்டியில் சைக்கிள் இலவசம்தான், ஆனால் வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் பின்னேரம் 4.30 முதல் 7.30 வரையும் ஏற்ற விடமாட்டார்கள். திங்களும் வேலை நாள். காலை எட்டரைக்கு லா வில்லெத்தில் தொடங்கினால் ஆறுதலாக ஓடியும் மூன்று மணிக்கு மோவில் நிற்கலாம். பிந்திவிட்டால் ஏழரை வரை மார்ன் ஆற்றங்கரையில் இருக்க வேண்டியதுதான். கடைகள் உள்ள நகரம், பசி கிடக்க மாட்டீர்கள்.