கேள்வி – பதில்: கணக்கு வேறு, பலன் வேறு

கேள்வி: சனி கும்பத்துக்கு மாறியது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17 என்றார்கள், வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20 என்றார்கள். எது சரி என்று ஆராய்ச்சியாளர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாதா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கேள்வியின் ஒரு பகுதிக்கு மட்டும் அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியும். சனி என்ற கோள் குறிப்பிட்ட ஓர் இரவில் வானத்தில் எங்கே நிற்கிறது என்பது அளந்து பார்க்கக்கூடியது. அந்த அளவில், இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதமே வானத்தோடு பொருந்துகிறது. எண்களை மனப்பாடச் சொற்றொடர்களில் அடக்கி வைத்திருக்கும் வாக்கிய முறையோ அந்தப் பழைய எண்களைப் பல நூற்றாண்டுகளாகத் திருத்தாமல் வைத்திருப்பதால் பின்தங்கிவிட்டது. ஆனால் கும்ப ராசி எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதை எந்தத் தொலைநோக்கியும் காட்டாது. அது மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. மேகநாத சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் தந்த அறிக்கையின் அயனாம்சத்தையே (ராசிகளின் தொடக்கப் புள்ளியைத் தீர்மானிக்கும் திருத்த அளவையே) இன்று பெரும்பாலான திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் ஒட்டிச் செல்கின்றன. சனி அங்கே வந்ததால் ஒருவருக்கு வேலை போகுமா என்பதற்கு வானியலில் விடையே இல்லை.

இதை வைத்து வாக்கியத்தை இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சந்திரனின் நிலையைச் சொல்ல, பழைய கணிதர் வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நிலைக்கு ஒன்பது முறை திரும்புவதற்கு ஏறத்தாழ 248 நாட்கள் ஆகின்றன. ஆகவே நாளுக்கு ஒரு வாக்கியம். முதல் வாக்கியம் ‘கீர்ந: ச்ரேய:’. எழுத்துகளை எண்களாக வாசிக்கும் கடபயாதி முறையில் அதன் எழுத்துகளுக்கு 3, 0, 2, 1 என்று எண் கொடுத்து, பின்னிருந்து படித்தால் 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வரும். முதல் நாளில் சந்திரன் நகர்ந்த தொலைவு அது. 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலிதம்’ என்ற நூலில், ஜான் வாரன் புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லியே அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும்தான் பிசகின. ஏன் அப்படிக் கணக்கிட வேண்டும் என்ற கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்றும் வாரன் குறிப்பிடுகிறார். 1952-இல் இந்தக் குறிப்பை எடுத்து ஆராய்ந்த வானியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபாவர், அந்த முறை பழைய பாபிலோனியக் கணக்கு முறைகளோடு உறவுடையது என்று காட்டினார். 1962-இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் வாக்கிய முறையை விளக்கும் ‘வாக்கியகரணம்’ என்ற பழைய நூலைச் சென்னையில் செம்பதிப்பாக வெளியிட்டார்கள். முகூர்த்தம் பார்க்கவும் ஜாதகம் கணிக்கவும் ஆள் இருந்ததால்தான் இந்தக் கணிதம் வாய்வழியாகவே பிழைத்து வந்தது. வானியல் வரலாற்று ஆராய்ச்சி சோதிடர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடன் கணக்குக்கு மட்டும்தான்.

கேள்வி: சோதிடத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் சொல்லும் பலன், மற்றவர் சொல்வதைவிட நம்பத்தக்கதா? (சேலம் வாசகர்)

பதில்: பட்டம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். ஓலைச்சுவடியைப் பிழையறப் பதிப்பித்ததற்கோ, ஒரு கணித முறையின் வரலாற்றை நிறுவியதற்கோ பெற்ற பட்டம் மதிப்புடையதே. ஆனால் பெயர்ப்பலகையில் ஏறியதும் அது உங்கள் பெண்ணின் திருமணத் தேதிக்கு உத்தரவாதம் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடப் பாடத்துக்கு வழி திறந்தபோது எழுந்த வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவில் தலையிட மறுத்தது. அதைச் சோதிடம் அறிவியல் என்பதற்கான சான்றிதழாகக் காட்டுவது தவறு.

பலனைச் சோதித்துப் பார்த்தவர் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர். 2008-இல் மகாராஷ்டிரத்தில், படிப்பில் சிறந்த 100 பேரின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய 100 பேரின் ஜாதகங்களையும் கலந்து, ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள் வீதம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் 50 கிடைத்திருக்கும்.

கேள்வி: குடுகுடுப்பைக்காரர்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். எனக்குக் குறியில் நம்பிக்கை இல்லை. நம்பாதவர் இதை ஆராயலாமா? (மதுரை ஆய்வு மாணவி)

பதில்: தாராளமாக ஆராயலாம். தெற்குச் சூடானில் அசாண்டே மக்களிடையே வாழ்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்டு, அவர்கள் கோழிக்கு நஞ்சு கொடுத்துக் குறி கேட்பதைப் பற்றி 1937-இல் எழுதினார். அவர்கள் சொல்லும் சூனியக்காரர் இருக்க முடியாது என்பதே அவர் முடிவு. ஆயினும் அங்கிருந்த காலத்தில் தம் வீட்டுக் காரியங்களை அந்தக் குறியின்படியே நடத்தினார். அதில் குறையொன்றும் இல்லை என்றும் எழுதினார். மறுபக்கம், நைஜீரியாவின் வாண்டே அபிம்போலா, யொரூபா மக்களின் இஃபா என்னும் குறி சொல்லும் மரபில் தாமே ஒரு குருவாக இருந்துகொண்டு, அதன் 256 பிரிவுகளில் அடங்கிய செய்யுள்களைத் தொகுத்து ஆராய்ந்து, பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். ஆகவே நம்பிக்கை இருப்பதும் இல்லாததும் ஆய்வுக்குத் தகுதியாகாது, தடையுமாகாது.

எவன்ஸ்-பிரிட்சர்டிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. குறி பொய்த்தபோது அசாண்டே மக்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அவர் பொறுமையாகக் குறித்து வைத்தார்: நஞ்சு தரமில்லை, விலக்கு மீறப்பட்டது, சூனியம் குறுக்கிட்டது. பொய்க்கும் குறி நமக்கும் புதிதல்ல. நம் சங்கப் பாடல்களில் முருக பூசாரியான வேலன் கழங்குக் காய்களைப் போட்டுப் பார்த்து, தலைவியின் வாட்டத்துக்கு முருகனே காரணம் என்று சொல்ல, காதலே காரணம் என்ற உண்மை தெரிந்த தோழி அருகிலேயே நிற்கிறாள். பலித்த குறிகளை யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பலிக்காத குறிக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன பேசினார்கள், அடுத்த முறை குடுகுடுப்பைச் சத்தம் கேட்டபோது கதவைத் திறந்தார்களா என்பதைத்தான் நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.