வேவு பார்க்கும் பாட்டும் விடுபட்ட பெயரும்

கேள்வி: சென்ற மாதம் என் அக்கா மகனின் திருமண வரவேற்பு ஏற்காட்டில், ஏரிக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் நடந்தது. சேலத்திலிருந்து வந்திருந்த மெல்லிசைக் குழுவினர், மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டுக்கொண்டதால், ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ என்ற ஆங்கிலப் பாட்டை வாசித்தார்கள். எல்லோரும் ரசித்துக்கொண்டிருக்கையில் எங்கள் சித்தப்பா, “இது காதல் பாட்டே இல்லை, ஒரு பெண்ணை வேவு பார்ப்பவனின் பாட்டு” என்று சொல்லி எங்களைத் திடுக்கிட வைத்தார். அவர் சொன்னது உண்மைதானா?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உண்மைதான். நீ விடும் மூச்சையும் வைக்கும் அடியையும் கண்காணித்துக்கொண்டிருப்பேன், நீ எனக்கு உரியவள் என்று உனக்குத் தெரியவில்லையா என்று கேட்கும் ஒருவனின் குரலில் எழுதப்பட்ட பாட்டு அது. எழுதியவரான ‘தி போலீஸ்’ ராக் குழுவின் பாடகர் ஸ்டிங், இதைத் தம் மண நாளில் ஒலிக்கச் செய்யும் தம்பதியரைக் கண்டு தாமே வியந்திருக்கிறார்.

1982-இல், முதல் மணவாழ்வு முறிந்துகொண்டிருந்த காலத்தில், ஜமைக்காவில் உள்ள கோல்டன்ஐ என்ற வீட்டில் ஸ்டிங் தங்கியிருந்தார். ஒரு நள்ளிரவில் அந்த வரி மனத்தில் எழ, விழித்தெழுந்து பியானோவின் முன் அமர்ந்து அரை மணி நேரத்தில் பாட்டை எழுதி முடித்ததாக அவர் கூறியிருக்கிறார். ஜேம்ஸ் பாண்ட் கதைகளை இயான் ஃப்ளெமிங் எழுதிய வீடும் அதுவே. உளவாளி பிறந்த வீட்டில் உளவுப் பாட்டு பிறந்தது தற்செயல்தான் என்றாலும், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஏன் அது இத்தனை இதமாகக் கேட்கிறது என்பதே இதில் எனக்குச் சுவையான கேள்வி. ஸ்டிங் கொண்டுவந்த மெட்டு, 1950-களின் அமெரிக்கக் காதல் பாட்டுகளில் புழங்கிப் பழகிய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையின் மேல் அமைந்தது. அதை அப்படியே வாசித்திருந்தால் நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருக்கலாம். கரீபியன் தீவான மான்ட்செராட்டில், இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நிறுவிய ஏர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘தி போலீஸ்’ குழுவின் மூவரும் கூடியபோது, அவர்களுக்குள் இருந்த பிணக்கு கைகலப்பை எட்டிப் பார்க்கும் அளவுக்கு முற்றியிருந்தது. ட்ரம்ஸ் வாசித்த ஸ்டீவர்ட் கோப்லாந்து சாப்பாட்டு அறையிலும், ஸ்டிங் ஒலிக்கட்டுப்பாட்டு அறையிலும், கிதார் வாசித்த ஆண்டி சம்மர்ஸ் கூடத்திலும் தனித்தனியே இருந்துகொண்டு வாசித்தார்கள்.

கிதார் பகுதியை உன் விருப்பப்படி செய்துகொள் என்று ஸ்டிங் விட்டுவிட, ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் வயலின் இசையில் தோய்ந்திருந்த சம்மர்ஸ், முழுக் கார்டுகளை ஒதுக்கிவிட்டு, நம் கணக்கில் சொன்னால் சட்ஜம், பஞ்சமம், மேல் ரிஷபம், அதன் பிறகே காந்தாரம் என்று ஏறி இறங்கும் ஓர் இழையை ஒரே தடவையில் வாசித்து முடித்தார். காந்தாரத்தைத் தொடுவதற்கு முன் ரிஷபத்தில் நிற்கும் அந்தச் சிறு தயக்கம்தான் பாட்டுக்கு ஏக்கத்தைக் கொடுக்கிறது என்பது என் எண்ணம். சொல் மிரட்டுகிறது, தந்தி கெஞ்சுகிறது. உங்கள் வீட்டார் தந்தியைக் கேட்டார்கள், சித்தப்பா சொல்லைக் கேட்டார். நம்மூர் வரவேற்புகளில் காதல் தோல்விப் பாட்டுகளையும் மெட்டுக்காகவே விரும்பிக் கேட்டு ஆடுகிறோம் என்பதால், மணமக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1983 மே மாதம் வெளிவந்த அந்தத் தனிப்பாடல் பிரிட்டனில் 4 வாரங்களும் அமெரிக்காவில் 8 வாரங்களும் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு சிறந்த பாடலுக்கான கிராமி விருதையும் பெற்றது.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாக ஆர்கெஸ்ட்ராக்களில் கிதார் வாசிப்பவன். பாட்டைத் தூக்கி நிறுத்திய கிதார் கலைஞருக்கு அந்தப் பாட்டில் உரிமையே இல்லை என்கிறார்களே?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வாசித்தவர் என்ற வகையில் ஒலிப்பதிவில் அவருக்குப் பங்கு உண்டு, இயற்றியவர் என்ற இடத்தில் இருப்பது ஸ்டிங்கின் பெயர் மட்டுமே. பாட்டின் சொல்லும் மெட்டும் எவருடையவையோ அவரே இயற்றியவர் என்றும், அதன் மேல் வாசிக்கப்படுவது இசைக்கோப்பு (அரேஞ்ச்மென்ட்) மட்டுமே என்றும் கருதுவது அந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். இந்த வழக்கத்தின் விளைவு 1997-இல் நன்றாகவே தெரிந்தது. கொலையுண்ட நண்பரும் ராப் பாடகருமான நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் நினைவாக அமெரிக்க ராப் பாடகர் பஃப் டாடி வெளியிட்ட பாட்டு, முன் அனுமதி பெறாமல், சம்மர்ஸின் அதே கிதார் இழையை எடுத்துத் தன் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு அமெரிக்காவில் 11 வாரங்கள் முதலிடத்தில் நின்றது; இயற்றியவருக்கான தொகையோ ஸ்டிங்கைச் சென்றடைந்தது. இந்த மனத்தாங்கல் ஆறவில்லை. தமக்குச் சேர வேண்டிய தொகை வந்து சேரவில்லை என்று சம்மர்ஸும் கோப்லாந்தும் 2025-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள்.

நம் நாட்டில், 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரோடு, பாடியவருக்கும் வாசித்தவருக்கும்கூட வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்கிறது. ஆனால் அதுவும் வாசித்ததற்கான பங்கு. நீங்கள் ஒலிப்பதிவின்போது கற்பனையாகச் சேர்க்கும் ஒரு துணுக்குக்கு இயற்றியவர் என்ற பெயர் வேண்டுமென்றால், கூடத்துக்குள் நுழைவதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாசித்து முடித்தபின் கேட்பது சங்கடம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ பாட்டின் அந்தக் கிதார் இழையை வாசித்துப் பழகுகிறேன், இடது கை விரல்கள் இழுத்து வலிக்கின்றன. எளிய வழி உண்டா?
— கல்லூரி மாணவர், கன்னங்குறிச்சி

பதில்: ஏ கார்டில் தொடங்கினால் விரல்கள் 5, 7, 9 ஆகிய ஃப்ரெட்டுகளை (கிதார் கழுத்தின் குறுக்கே உள்ள கட்டைகளை) ஒரே பிடியில் எட்ட வேண்டியிருப்பதால் வலிக்கத்தான் செய்யும். ஃப்ரெட்டுகள் நெருங்கியிருக்கும் மேல் பகுதியில் சில வாரம் பழகிவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தை, கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டித் தந்திகளின் மேல் லேசாக வைக்க மறக்காதீர்கள். அந்த அடக்கிய ஒலி இல்லாவிட்டால் சுரங்கள் சரியாக இருந்தும் பாட்டு வேறாகக் கேட்கும்.