மறு: தொலைநோக்கியில் கார்த்திகைக் கூட்டம் முழுதாகத் தெரியவில்லை

வணக்கம் ஐயா. குளச்சலில் வெறுங்கண்ணுக்கு ஆறு விண்மீன்களாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம், 700 மி.மீ. குவியத் தொலைவுள்ள தங்கள் தொலைநோக்கியில் 10 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தியதும் மூன்று நான்கு மீன்களாகக் குறைந்து, சுற்றிலும் வெண்புகை தெரிவதாக எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுதில்லை. 700-ஐ 10-ஆல் வகுத்தால் வரும் 70 மடங்கு உருப்பெருக்கத்தில் ஏறத்தாழ முக்கால் பாகை வானமே புலப்படும். இக்கூட்டமோ சுமார் 2 பாகை பரவியது. உருப்பெருக்கம் குறைந்து கூடுதல் வானம் தெரிய, 25 மி.மீ. வில்லைக்கு மாறுங்கள். 10×50 இருகண் நோக்கி (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முகப்பு வில்லை) கிடைத்தால் இன்னும் நன்று. இதற்குப் பெரிய கருவியைவிட அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

புகையைப் பொறுத்தவரை, சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இம்மீன்களின் ஒளியைச் சிதறடிக்கும் தூசு மேகம் (அவை பிறந்த மேகத்தின் எச்சமன்று, வழியில் எதிர்ப்பட்ட வேறொன்று) உண்மையிலேயே உண்டு எனினும், ஊர் விளக்கொளியில் அது தெரிவது அரிது. அருகிலுள்ள ரோகிணி விண்மீனை நோக்குங்கள். அதைச் சுற்றியும் அதே புகை இருந்தால், அது வில்லையில் படிந்த கடற்காற்றின் ஈரமே. உப்பு கலந்திருக்கும் என்பதால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். தானாக உலர விடுங்கள்.

மழை ஓய்ந்த தை மாதத்தின் தொடக்கத்தில், இரவு 8.30 மணியளவில், நம் மாவட்டத்தில் இக்கூட்டம் உச்சிக்குச் சற்றே வடக்கில் நிற்கும். நிலவில்லாத இரவாகப் பார்த்து, விளக்கொளி குறைந்த பேச்சிப்பாறைப் பக்கம் கருவியைக் கொண்டு செல்லுங்கள்.